ஏற்காட்டு ஃபுட்டும் மற்ற ஃபுட்டுகளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி நண்பர்களுடன் ஏற்காடு சென்றிருந்தபோது, பல்லாவரத்தில் கற்கோடாரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் அந்த மலையில்தான் குடியிருந்தார் என்று அறிந்தோம். அதே வாரத்தில், கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை முதலில் காட்டியவர் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி என்று படித்தேன். போட்டித் தேர்வுக்காக நண்பர் வாங்கிய குறிப்பேட்டில் இருவரும் கணவன் மனைவி என்று உள்ளது. உண்மையா?
– இளங்கலை மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: இல்லை தம்பி, அவர்கள் கணவன் மனைவி அல்லர். அந்தக் குறிப்பேட்டில் மற்ற பக்கங்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடச் சொல்லுங்கள்.

யூனிஸ் பிறந்தது 1819இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். பிறந்த வீட்டுப் பெயர் நியூட்டன். அவருடைய தந்தையின் பெயரே ஐசக் நியூட்டன் என்பதுதான். (புவியீர்ப்பை விளக்கிய நியூட்டன் திருமணமே செய்துகொள்ளாதவர் என்பதால், அந்தத் திசையில் இன்னொரு குறிப்பேடு கிளம்பிவிட வேண்டாம்.) எலிஷா ஃபுட் என்ற வழக்கறிஞரை மணந்ததால் யூனிஸுக்கு ஃபுட் என்ற குடும்பப் பெயர் வந்தது. 1848இல் செனெகா ஃபால்ஸ் என்ற ஊரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நூறு பேரில் இவ்விருவரும் உண்டு.

அவர் செய்த சோதனை, பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளியது. ஏறக்குறைய நான்கு அங்குல விட்டமும் முப்பது அங்குல நீளமும் உள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பமானிகளைப் பொருத்தி, ஒன்றில் சாதாரணக் காற்றையும் மற்றதில் கரியமில வாயுவையும் நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றதைவிட மிகுதியாகச் சூடேறியதோடு, வெயிலிலிருந்து எடுத்த பிறகும் நெடுநேரம் ஆறாமல் இருந்தது. பூமியைச் சூழ்ந்த காற்றில் இந்த வாயு ஒரு காலத்தில் மிகுந்திருந்தால் அன்றைய வெப்பநிலையும் உயர்ந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். 1856ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆல்பனி நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் அந்தக் கட்டுரையை ஜோசப் ஹென்றி என்ற இயற்பியலாளர்தான் வாசித்தார், அம்மையார் வாசிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து இதே துறையில் நுட்பமான கருவிகளோடு இறங்கிய ஜான் டிண்டலின் பெயர் நிலைத்தது. யூனிஸின் பெயர் 2011 வரை மூலையில் கிடந்தது.

நம் ஃபுட் வேறு நாட்டவர், வேறு குடும்பத்தவர். இங்கிலாந்தின் செல்ட்னம் நகரில் 1834இல் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில், செம்மண் சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில் அவர் கண்ணில் பட்ட கல், இந்தியாவில் மனிதன் வாழ்ந்த காலக் கணக்கையே பின்னோக்கி இழுத்தது. அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் தம் துறைத் தோழர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011இல் வெளியான ஆய்வு கணித்தது. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பைப் பற்றி கிங்கும் ஃபுட்டும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. நம் மாவட்டத்துக் கல்லையும் மண்ணையும் முறையாக எழுதி வைத்த முன்னோடிகளில் இவர் ஒருவர் என்பதால், எனக்கு இவர்மேல் தனிப் பற்று உண்டு.

உறவு தேடுவதானால் ஏற்காட்டிலேயே தேடுங்கள். ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர்; பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்; ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் அச்சிட்டவர். அவர் 1882இல் காலமானது ஏற்காட்டில்தான். பழமொழி திரட்டிய மாமனாரும் பழங்கல் திரட்டிய மருமகனும் ஒரே மலையில் வாழ்ந்திருக்கிறார்கள். மருமகன் திரட்டியவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. குடும்பப் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடல் கடந்த பொய் உறவு கிடைக்கும், ஒரே வீட்டு மெய்யுறவு கைநழுவிப் போகும்.

கேள்வி: ஃபுட் என்ற சொல்லுக்குக் கால் என்றுதானே பொருள்? அப்படியும் ஒரு குடும்பப் பெயர் இருக்குமா? வேறு யாரெல்லாம் அந்தப் பெயரில் புகழ் பெற்றார்கள்?
– வாசகி, சூரமங்கலம்

பதில்: பாதம் என்றே பொருள். பாதத்தில் ஏதேனும் தனித்தன்மையோ குறையோ இருந்த மூதாதை ஒருவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்களிலும் இப்படிப் பட்டப்பெயரால் அறியப்படும் வீடுகள் தெருவுக்கு இரண்டு உண்டு. அவை பள்ளிச் சான்றிதழில் ஏறவில்லை என்பதே வேறுபாடு. இத்தகைய பட்டப்பெயர் ஒரே காலத்தில் பத்து ஊர்களில் பத்துப் பேருக்கு வாய்த்திருக்கலாம். ஆகவே ஃபுட்டுகளுக்கெல்லாம் ஒரே கொள்ளுத் தாத்தா இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பெயருக்கு ஏற்ற விதி என்று சிரிக்கவும் வருந்தவும் தோன்றும் இருவரைச் சொல்கிறேன். சாமுவேல் ஃபுட் 18ஆம் நூற்றாண்டு லண்டனின் பெயர் பெற்ற நகைச்சுவை நடிகர், நாடகாசிரியர். 1766இல், யார்க் கோமகனின் கூட்டத்தாரோடு இருந்தபோது அடங்காத குதிரை ஒன்றில் ஏறிக் கீழே விழுந்து, ஒரு காலை வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. அதற்கு ஈடாக, ஹேமார்க்கெட் அரங்கில் கோடைக்காலத்தில் நாடகம் நடத்தும் அரச உரிமை அவருக்குக் கிடைத்தது. மனிதர் முடங்கவில்லை, மரக்காலோடு மேடையேறி, அந்தக் காலையே கேலிப்பொருளாக்கி நாடகங்களும் எழுதினார். மற்றவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் ஆற்றுப்படைக் கப்பல்களை நடத்திய ஆண்ட்ரூ ஃபுட். 1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டைத் தாக்குதலில் அவருக்குக் காயம் பட்டது காலில்தான். பல்லாவரத்தில் கற்கோடாரி கிடைத்து ஒரு மாதம் நிறைவதற்குள், 1863 ஜூன் 26 அன்று அவர் இறந்தார்.

அந்தப் போரின் வரலாற்றை மூன்று பெரும் தொகுதிகளாக எழுதிய ஷெல்பி ஃபுட்டும், திரைக்கதைக்கு இருமுறை ஆஸ்கர் பெற்ற ஹார்ட்டன் ஃபுட்டும் 1916ஆம் ஆண்டில் பிறந்தவர்கள், தூரத்து உறவினர்களும் கூட. பெயரும் உறவும் சேர்ந்தே அமைந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு சிறு குறை: தமிழில் ‘ஃபுட்’ என்று எழுதினால் பாதமும் உணவும் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஃபாஸ்ட் ஃபுட்’ பலகை இல்லாத தெரு சேலத்தில் அரிது. ஏற்காட்டு ஃபுட்டைப் பற்றிப் பேசப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, “அவர் என்ன ஓட்டல் வைத்திருந்தார் ஐயா?” என்று ஆறாம் வகுப்புச் சிறுவன் கேட்டான். அவன் கேட்டதில் தவறு காண என்னால் முடியவில்லை.

கேள்வி: பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவராக இருந்த மைக்கேல் ஃபுட், தத்துவப் பேராசிரியர் ஃபிலிப்பா ஃபுட்டின் கணவர் என்று என் நண்பர் வாதிடுகிறார். சரியா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் நண்பருக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள், ஐயா. ஃபிலிப்பாவின் கணவர் பெயரும் மைக்கேல் ஃபுட்தான். ஆனால் அவர் வேறொரு மைக்கேல். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் உளவு அமைப்பின் வரலாற்றை எழுதிய அவர், எம். ஆர். டி. ஃபுட் என்று தலைப்பெழுத்துகளோடே அறியப்பட்டவர். 1945இல் நடந்த திருமணம் 1960இல் முறிந்தது. அதன் பிறகும் ஃபிலிப்பா அந்தப் பெயரை விடவில்லை. ஓடும் டிராம் வண்டி ஐந்து பேரை மோதவிருக்கும்போது, ஒருவர் மட்டும் நிற்கும் வேறொரு பாதைக்கு அதைத் திருப்பலாமா என்ற புகழ்பெற்ற புதிர், 1967இல் அவர் எழுதிய கட்டுரையில் பிறந்தது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த குரோவர் கிளீவ்லாந்து. யூனிஸைப் போலவே இவரும் மணவழியில் வந்த பெயரைத்தான் அறிவுலகில் நிலைநாட்டினார்.

அரசியல்வாதி மைக்கேல் 1980 முதல் 1983 வரை கட்சித் தலைவராக இருந்தார். அவருடைய அண்ணன் ஹியூ ஃபுட், கேரடன் பிரபு என்ற பெயரில் ஐக்கிய நாடுகள் அவையில் பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்து, மேற்காசியா பற்றிய 242ஆம் தீர்மானத்தை முன்வைத்தார், அதுவும் 1967இல்தான். இதழாளர் பால் ஃபுட் அவருடைய மகன். இந்தக் குடும்பத்தாரின் பெயரில் ஆங்கில எழுத்துக் கூட்டலின் கடைசியில் ‘ஈ’ கிடையாது; ஏற்காட்டாரின் பெயரில் உண்டு. எழுத்துக் கூட்டல் நிலைபெறாத காலத்தில் ஒரே குடும்பத்தை எழுத்தர் ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் பதிந்தார்கள். சேலத்துப் பத்திரங்களில் ஒரே ஆள் ‘இராமசாமி’, ‘ராமஸ்வாமி’ என்று இரு உருவில் நடமாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

கேள்வி: ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய ஆட்சியரின் பெயரை ‘காக்பர்ன்’ என்றே இதுவரை சொல்லி வந்தேன். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் ‘கோபர்ன்’ என்று திருத்துகிறான். எது சரி?
– காப்பித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: மகன் சொல்வதே சரி. ஆங்கில எழுத்துகளில் உள்ள ‘க்’ ஒலிக்கப்படுவதில்லை. எம். டி. கோபர்ன் 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்து, காப்பியோடு பேரி முதலிய பழ மரங்களையும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தவர். இதை ஆங்கிலப் பெயர் என்பதைவிட ஸ்காட்லாந்துப் பெயர் என்பது பொருந்தும். பெர்விக் வட்டாரத்து இடப்பெயர் ஒன்றே குடும்பப் பெயரானது. ‘பர்ன்’ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் ஓடை. தீயோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனாலும் 1814இல் வாஷிங்டன் நகருக்குள் புகுந்து வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்த பிரிட்டிஷ் படையோடு சென்ற கடற்படைத் தளபதி ஜார்ஜ் கோபர்ன் என்பதைப் படிக்கையில் புன்னகை வராமல் போகாது. மறு ஆண்டே நெப்போலியனை ஹெலினா தீவில் கொண்டுபோய் இறக்கியவரும் அவர்தான். நம் கோபர்ன் நாற்று நட்டதோடு நின்றார்.

கேள்வி: நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், வெளிநாட்டு விண்ணப்பங்களில் ‘சேலம்’ என்று நிரப்பலாமா?
– மென்பொருள் பணியாளர், ஓமலூர்

பதில்: 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார் போன்றோருக்கு ஊர்ப்பெயர் முன்னால் நின்றது, அது குடும்பப் பெயரன்று. கடவுச்சீட்டில் உள்ளதையே எழுதுங்கள். ஒரு சுவைக்காகச் சொல்கிறேன்: 1775இல் பங்கர் ஹில் போரில் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட கறுப்பின வீரர் பீட்டர் சேலத்துக்கு அதுவே குடும்பப் பெயர். அவருக்கும் நம் திருமணிமுத்தாற்றங்கரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேள்வி: கல்லறைக் கல்வெட்டிலும் பங்களாப் பெயர்ப்பலகையிலும் தவிர, ஆங்கிலேயர் ஒருவரின் குடும்பப் பெயர் சேர்வராயன் மலையில் வேறெங்கேனும் எஞ்சியிருக்கிறதா?
– ஆசிரியை, அயோத்தியாப்பட்டணம்

பதில்: மலையின் பாறையிலேயே இருக்கிறது, அம்மா. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர் ஜோப் சார்னக்கின் கல்லறை கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைப் பலகையை 1893இல் ஆராய்ந்து, அது பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று கண்டு, அந்த வகைப் பாறைக்கு ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்டார். ஃபுட் கற்கோடாரி கண்ட அதே பல்லாவரம்தான். சார்னக் சேலத்துப் பக்கம் வந்தவர் அல்லர். ஆனால் சேர்வராயன் மலை பெரும்பகுதியும் அந்தப் பாறையால் ஆனது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது, சாலைக்காக வெட்டிய பாறை முகத்தைக் கவனியுங்கள். மழை வெயில் படாமல் புதிதாக உடைந்த இடத்தில் எண்ணெய் தடவியதுபோல மினுக்கும் நீலச் சாம்பல் நிறக் கல் தெரியும். அதுதான் சார்னக்கைட்.