ஒரே குழுவில் இருந்தும் பாதிக் குறிப்புகள் தெரியவில்லை என்றால்

பிடிஎஃப்பின் ஓரத்தில் குழுவாகக் குறிப்பெழுத உதவும் ஹைப்போதெசிஸ் என்ற கருவியில், எல்லோரும் ஒரே குழுவில் இருந்தும் மாணவர்களின் குறிப்புகளில் பாதி தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். குறிப்புகள் அழியவில்லை. குறுந்தொகை 40-ஆம் பாட்டுக்கு உங்கள் மாணவர்கள் எழுதியவற்றில் பாதி, பெரும்பாலும் வேறொரு கோப்பின்மேல் உட்கார்ந்திருக்கின்றன.

ஹைப்போதெசிஸ் ஒரு பிடிஎஃப்பை அதன் பெயரைக் கொண்டு அடையாளம் காண்பதில்லை. கோப்புக்குள் பதிந்திருக்கும் அடையாளக் குறியீட்டைப் பார்க்கிறது. நீங்கள் கொடுத்தது ஸ்கேன் செய்த பழைய பதிப்பு என்கிறீர்கள். அதில் வரியைத் தேர்ந்தெடுக்க முடியாமல், சிலர் தாங்களாகவே ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைத் தேர்ந்தெடுக்கக்கூடிய உரையாக மாற்றுவது) செய்து சேமித்திருப்பார்கள். குறியீடு அங்கேதான் மாறியிருக்கும். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான், திட்டாதீர்கள்.

சோதிக்க:

1. உங்களுக்குத் தெரியாத குறிப்புகளை எழுதிய மாணவர் ஒருவரின் கோப்பை வாங்கி உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். காணாமல்போனவை அங்கே தெரிந்தால் காரணம் இதுதான்.

2. அங்கும் தெரியாவிட்டால், அவர் குறிப்பைத் தனக்கு மட்டும் என்று சேமித்தாரா, பக்கப்பட்டையில் குழுவின் பெயருக்குப் பதில் பொதுவெளி இருந்ததா என்று கேளுங்கள்.

இனி நீங்களே ஒருமுறை ஓசிஆர் செய்து, அந்த ஒரே கோப்பின் இணைப்பை மட்டும் கொடுங்கள். தமிழ் ஓசிஆர் 'செம்புலப் பெயனீர்' போன்ற இடங்களில் தடுமாறும். பிழைகளை முதலிலேயே திருத்திவிடுங்கள். குறிப்பு எழுதிய பிறகு மூலத்தைத் திருத்தினால், அந்தக் குறிப்பு தன் வரியைத் தவறவிடக்கூடும்.

பழைய குறிப்புகள் புதிய கோப்புக்குத் தாமாக வந்து சேரா. எழுதியவரே அவற்றைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மதிப்பெண் போடும் தேதியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.