பெயரைப் பார்ப்பதா, துறையைப் பார்ப்பதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். கட்-ஆஃப் 170-ஐத் தாண்டியிருக்கிறது. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்கிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய தனியார் கல்லூரியைச் சொல்கிறார்கள், அங்கே சேர்ந்தால்தான் வேலை கிடைக்குமாம். பணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? – ஒரு தாய், கிருஷ்ணகிரி

அம்மா, பணத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் மகளுக்கு அது நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தடை இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது, கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் தனியார் கல்லூரிக்கும் இது பொருந்தும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தனி. ஆனால் ஒன்று: கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் போய்ச் சேர்ந்தால் இந்தக் கட்டணச் சலுகை கிடையாது. "இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் சீட் இருக்காது" என்று யாராவது போனில் அவசரப்படுத்தினால் கட்டாதீர்கள்.

சரி, பணம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது என்றால் மிச்சம் இருப்பது படிப்பின் தரம் மட்டும்தான். அங்கே நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது, கல்லூரியோடு கல்லூரியை ஒப்பிடாதீர்கள், இந்தக் கல்லூரியின் இ.சி.இ. துறையோடு அந்தக் கல்லூரியின் இ.சி.இ. துறையை ஒப்பிடுங்கள். நூறு பஸ் ஓடுகிற கல்லூரியிலும் ஒரு துறை ஆசிரியரே இல்லாமல் தவிக்கலாம்.

இதற்கு விளம்பரத்தைவிட நல்ல ஆதாரம் ஒன்று எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வருடா வருடம் வருகிறது, அதில் எத்தனையாவது இடம் என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் பங்கேற்கும் கல்லூரி தன்னைப் பற்றிக் கொடுத்த தகவல் ஒரு பி.டி.எஃப். கோப்பாகப் பெரும்பாலும் கல்லூரியின் தளத்தில் இருக்கும், தரவரிசையில் இடம் பெற்றிருந்தால் என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்திலும் இருக்கும். உங்கள் மகளைப் போனில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். நான்கு வருடப் படிப்பு என்ற அட்டவணையில் முதலாண்டு எத்தனை இடங்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சராசரிக்குப் பதிலாக நடு ஆளின் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். நடு ஆளின் சம்பளம் என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. ஒரே ஒரு மாணவர் 40 லட்சம் வாங்கி ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தாலும் இந்த எண் அசையாது. அதனால்தான் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு உதாரணத்துக்கு, 600 பேர் சேர்ந்து 420 பேர்தான் நேரத்துக்கு முடித்தார்கள், அதில் 300 பேருக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் என்ன சதவீதம் வரும்? "தகுதியுள்ள மாணவர்களில்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து 90க்கு மேல் காட்ட முடியும். நீங்கள் கேட்க வேண்டியது, சேர்ந்த 600 பேரில் எத்தனை என்பது. அது பாதிதான்.

கல்லூரியின் தளத்தில் இருக்கும் கோப்பில் பெரும்பாலும் ஆசிரியர் பட்டியலும் இருக்கும், படிப்பு, அனுபவம், சேர்ந்த தேதி எல்லாம் சேர்த்து. துறைவாரியாகப் பிரித்திருக்காது, அதனால் கல்லூரித் தளத்தில் இ.சி.இ. துறை ஆசிரியர் பெயர்களை எடுத்துக்கொண்டு இந்தப் பட்டியலில் தேடுங்கள். பாதிப் பேர் போன வருடம் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே ஆட்கள் தங்குவதில்லை என்று அர்த்தம். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது 2024-இல் வெளியே வந்து பெரிய பிரச்சினை ஆனதே, ஞாபகம் இருக்கும். அதனால் பட்டியலோடு விட்டுவிடாமல், அந்தத் துறையில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து, "இந்த ஆசிரியர் உங்களுக்கு என்ன பாடம் எடுத்தார்?" என்று நேராகக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதையும் பலர் பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுத்துத் தாங்களே திருத்துகின்றன, பட்டம் மட்டும்தான் பல்கலைக்கழகத்துடையது. அவற்றின் தேர்ச்சியையும் மற்றவற்றின் தேர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பான முடிவுதான் வரும். பர்கூர் கல்லூரியும் தன்னாட்சிதான்.

இத்தனையும் பார்த்த பிறகு இரண்டும் ஏறக்குறைய சமம் என்று தோன்றினால், நான் பர்கூர் என்றுதான் சொல்வேன். வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரம், உங்கள் மகளே விரும்பிக் கேட்கும் இடம், இரண்டையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக்காரர்களிடம் அந்தப் பி.டி.எஃப்-ஐக் காட்டுங்கள்.

கேள்வி: நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இணைப்புக் கல்லூரியைவிட உயர்ந்ததா? பெயரிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே. – ஒரு மாணவர், விழுப்புரம்

இல்லை தம்பி. அது நிர்வாக அமைப்பைச் சொல்கிறதே தவிர, தரவரிசையைச் சொல்லவில்லை. வேலூர் வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., தஞ்சாவூர் சாஸ்த்ரா போன்றவை தாங்களே பாடத்திட்டம் போட்டு, தாங்களே பட்டம் கொடுக்கின்றன, சேர்க்கையும் தனி, தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்குள் வராது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியும் பெயரளவில் "கல்லூரி"தான், அதற்காக அவற்றை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, இன்றைக்கும் அதன் பெயரில் கல்லூரி என்றுதான் இருக்கிறது.

கலந்தாய்வு முடிவதற்குள் நிகர்நிலையில் பணம் கட்டி வைக்கப் போகிறாய் என்றால், கட்டணத்தைத் திருப்பித் தரும் கடைசித் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே சொல்லிவிட்டது, சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு வா.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் சேர வேண்டும். இரண்டு கலை அறிவியல் கல்லூரிகளுமே நூறு வருடப் பழமை. ஒன்றில் கட்டணம் மிகக் குறைவு, இன்னொன்றில் பல மடங்கு. ஏன்? – ஒரு மாணவி, திருநெல்வேலி

பல மடங்கு என்று சொன்ன கல்லூரியில் உனக்குக் கிடைப்பது சுயநிதிப் பிரிவாக இருக்கலாம், அதை முதலில் விசாரி. பழைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் இருக்கும், பல இடங்களில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று பிரித்திருப்பார்கள். உதவி பெறும் பிரிவின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம், அதனால் கட்டணம் குறைவு, ஆசிரியர்களும் நீண்ட நாள் இருப்பார்கள். கல்லூரியின் பெயரும் புகழும் பெரும்பாலும் அந்தப் பிரிவு சம்பாதித்தது. விண்ணப்பத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை இருக்கும், நன்றாகப் பார்த்து டிக் செய்.

அப்புறம், இயற்பியலுக்கு ஆய்வகம்தான் உயிர். எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சிப் படிப்பும் அதே துறையில் இருந்தால் கருவிகளும் இருக்கும், அவற்றைப் பழுது பார்க்க ஆளும் இருக்கும்.

கேள்வி: நாக் "ஏ பிளஸ் பிளஸ்" வாங்கிய கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

வேண்டாம். நாக் என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பு தருவது மொத்தக் கல்லூரிக்கான மதிப்பீடு, நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கிய கல்லூரிக்குத்தான் அந்த கிரேடு கிடைத்தது. பொறியியல் என்றால் உங்கள் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (பாடப்பிரிவு வாரியாகத் தரும் தேசிய அங்கீகாரம்) இருக்கிறதா, அது எந்த வருடம் வரை செல்லும் என்று தனியாகக் கேளுங்கள். சில கல்லூரிகளில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது.

கேள்வி: எங்கள் சொந்த ஊர் மதுரை. மகன் பெங்களூரில் பிளஸ் டூ படிக்கிறான். திருச்சி என்.ஐ.டி-யில் சொந்த மாநில இடம் கிடைக்குமா? – ஒரு தந்தை, பெங்களூர்

கிடைக்காது, இது பல குடும்பங்களுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிய வருகிறது. என்.ஐ.டி-களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு, ஆனால் அங்கே சொந்த மாநிலம் என்பது பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாநிலம். உங்கள் மகனுக்கு அது கர்நாடகம், அதாவது சூரத்கல் என்.ஐ.டி. திருச்சிக்கு மற்ற மாநிலத்தவர் வரிசையில்தான் போட்டியிட வேண்டும். ஆகவே அவனுக்கு ஒப்பீடு திருச்சிக்கும் அண்ணா பல்கலைக்கும் நடுவில் மட்டும் இல்லை, சூரத்கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது அருமையான கல்லூரி.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விதி வேறு. வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று நேட்டிவிட்டி சான்றிதழ் காட்டினால் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த்துறை வழியாக வர வேண்டும், தேர்வு முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் நிற்பார்கள். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போதே குடும்ப அட்டையையும் பழைய ஆவணங்களையும் எடுத்துப் போய் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.