தண்ணீர் பழுப்பானதைப் பார்த்து மிஷின் வாங்காதீர்கள்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒன்றை ஹோம்ஸ்டேயாக வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று வார இறுதியில் 12, 15 பேர் வந்து தங்குவார்கள். குடிப்பதற்கு ஒவ்வொரு முறையும் 500 மில்லி பாட்டில் மூன்று கார்ட்டன் வாங்கி வைக்கிறேன். அவர்கள் போனபின் பார்த்தால் வீடு முழுக்கப் பாதி குடித்த பாட்டில்கள். போன வாரம் வடிகட்டி விற்க ஒருவர் வந்தார். எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் துரு நிறமாகிவிட்டது. அவர் மிஷின் தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. விலை 3,800 வெள்ளி (ரிங்கிட்), தவணையில் கட்டலாமாம். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த ஒப்பந்தத் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கியதை ரத்து செய்ய 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. போன வாரம்தான் என்றால் இன்னும் நாள் இருக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்தால் போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் பார்த்த துரு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் தாது உப்புகள் கொஞ்சம் கரைந்திருக்கும். அவை இருப்பதால் தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது. பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து தண்ணீரைப் பழுப்பாக்குகிறது. அவருடைய மிஷின் அந்த உப்புகளை எடுத்துவிடுகிறது. அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்தார். அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, அதே கம்பிகளை மறுபடியும் விடச் சொன்னேன். டம்ளரின் அடியிலிருந்து பச்சையும் பழுப்புமாக நுரைத்துக்கொண்டு வந்தது. அந்த உப்பு நாங்கள் ரசத்துக்குப் போடும் உப்புதான். கடையில் விற்கும் மினரல் வாட்டரும் இந்தச் சோதனையில் பழுப்பாகும். டிடிஎஸ் மீட்டரை நீட்டிக் காட்டினாலும் இதே கதைதான். அது கரைந்திருக்கும் உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது. நம்மவர்கள் எத்தனை பேர் இந்தப் பயத்தில் ஐந்து வருடம், ஏழு வருடம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

சரி, விருந்தாளிக்கு என்ன கொடுப்பது? பேராக் நீர் வாரியத்தின் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் சேர்த்துத்தான் வருகிறது. ஹோம்ஸ்டேயில் கவனிக்க வேண்டியது வீட்டுக்குள்ளே இருக்கும் பகுதியை. உங்கள் சமையலறைக் குழாய் நேராக மீட்டரிலிருந்து வருகிறதா, கூரைத் தொட்டியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தால் தெரிந்துவிடும். சீக்கிரம் நின்றுவிட்டால் நேர்க் குழாய். விடாமல் கொட்டினால் தொட்டித் தண்ணீர். குடிக்க நேர்க் குழாயிலிருந்தே பிடியுங்கள். தொட்டி மட்டும்தான் என்றால் அதன் மூடி சரியாக இருக்கிறதா, அடியில் வண்டல் தங்கியிருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஆள் வையுங்கள். எந்தக் குழாயானாலும், வீடு ஒரு வாரம் பூட்டிக் கிடந்திருந்தால் முதலில் சில நிமிடம் திறந்து விடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

வடிகட்டி வேண்டுமென்றால் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண பீங்கான், கரி வடிகட்டியே போதும். ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும்: கரி குளோரினை எடுத்துவிடும். அதன்பின் உள்ளே தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் கிருமி வளரலாம். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது முக்கியம். அதனால் வடிகட்டியிலும் பழைய தண்ணீரை ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். மாற்றிய தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

அப்புறம் காய்ச்சுங்கள். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். மூன்று கார்ட்டன் என்றால் 72 பாட்டில், 36 லிட்டர். அத்தனையையும் கேத்தலில் காய்ச்ச ஏறக்குறைய நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். வீட்டுக் கட்டணத்தில் அது இரண்டு வெள்ளிக்குள் அடங்கும். நீங்கள் கார்ட்டனுக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறிய தண்ணீரை வைக்க, கல்யாண வீட்டில் பந்திக்கு வைப்பார்களே, குழாய் பொருத்திய சில்வர் டிரம், அதில் 12 லிட்டர் அளவில் ஒன்று வாங்குங்கள். குழாயைத் திருகிக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்; வழவழப்பான அழுக்கு அதன் உள்ளேதான் சேரும். டிரம் பக்கத்தில் இருபது சில்வர் டம்ளர், ஐஸ்பெட்டியில் நாலைந்து கண்ணாடி பாட்டில். கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் தங்கள் பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டும். அதற்கு ஒரு புனலும் வையுங்கள். டிரம்மில் ஒரு சீட்டு ஒட்டி, தமிழிலும் மலாயிலும் “இன்று காலை காய்ச்சிய தண்ணீர்” என்று தேதி போட்டு எழுதுங்கள். விருந்தாளிகள் பாட்டிலைத் தேடுவது சந்தேகத்தால்தான், தேதியைப் பார்த்தால் தயங்காமல் குடிப்பார்கள். அவர்கள் கிளம்பியதும் மிச்சத்தைக் கொட்டி, கழுவி, கவிழ்த்துக் காய வைத்துவிடுங்கள். அடுத்தவர்களுக்கு அந்தத் தண்ணீரை வைக்காதீர்கள்.

கேள்வி: கடைவீதியில் காசு போட்டால் தண்ணீர் தரும் மிஷினில், பழைய சமையல் எண்ணெய் கேனில் பிடித்து வந்து விருந்தாளிகளுக்கு வைக்கலாமா?

பதில்: எண்ணெய் கேன் வேண்டாம். உள்ளே பிசுக்குப் போகாது, வாய் குறுகலாக இருப்பதால் கைவிட்டுத் தேய்க்கவும் முடியாது. கை நுழையும் அளவு வாய் அகன்ற, தண்ணீருக்கென்றே செய்த கேனாக வாங்குங்கள். மிஷினில் வடிகட்டி மாற்றிய தேதி ஒட்டியிருக்கிறதா, தண்ணீர் விழும் முனையில் பாசி இருக்கிறதா என்று பாருங்கள். தேதியே இல்லாத மிஷினில் பிடிக்காதீர்கள். குளோரின் நீங்கிய தண்ணீர் என்பதால் அன்றன்றைக்குப் பிடித்து, விருந்தாளிக்கு வைக்குமுன் அதையும் காய்ச்சிவிடுங்கள்.