பழைய தேதி போட்டு வாங்கிய பயிற்சிக் கையெழுத்து

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஒன்றரை வருடமாக கான்ட்ராக்டில் ஹெல்பராக இருக்கிறேன். டிரம்மில் இருப்பதைப் பம்ப் வைத்து ரியாக்டரில் (கெமிக்கல்களைச் சேர்த்து வினைபுரிய வைக்கும் பெரிய கலன்) ஏற்றுவது என் வேலை. டிரம்மில் ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கும். உள்ளே என்ன என்று யாரும் சொன்னதில்லை. போன மாதம் கூட வேலை பார்த்த தம்பிக்குக் கை வெந்துபோனது. மறுநாளே எங்கள் எல்லோரிடமும் 'பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன்' என்று ஆங்கிலத்தில் அடித்த தாளில், பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்தால் நஷ்டஈடு போய்விடுமா? அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லலாமா?
— குடிகாடு வாசகர்

பதில்: போகாது. ஆனால் அந்தத் தாளை எதற்காக வாங்கினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையில் காயம்பட்ட தொழிலாளி கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக இழப்பீடு மறுக்கப்படுவதில்லை. குடிபோதை, தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில காரணங்களைத்தான் முதலாளி தரப்பு சொல்ல முடியும். உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனமானாலோ அந்தக் காரணங்களும் எடுபடாது. 'நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், அவன் மீறினான்' என்று வாதிடத்தான் உங்கள் கையெழுத்து.

அந்த வாதத்தை உடைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. குறுக்கு விசாரணையில் நான் கேட்பதெல்லாம் சின்னக் கேள்விகள்தான். வகுப்பு எடுத்தது யார்? எந்த மொழியில்? ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டுமா, தண்ணீரை ஆசிட்டிலா? தூசிக்கான துணி மாஸ்க் கெமிக்கல் ஆவியைத் தடுக்காது என்று சொன்னீர்களா? தாளில் உள்ள தேதியில், அந்த நேரத்தில், இவர் எந்த ரியாக்டரில் சார்ஜிங் (சரக்கு ஏற்றும் வேலை) செய்துகொண்டிருந்தார் என்று ஷிப்ட் லாக் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால் பாதிப் பேருக்குப் பேச்சு வராது.

கான்ட்ராக்ட் ஆள் என்பதால் உரிமை குறையாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின்படி தொழிலாளிதான். போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்வதையும், வேலையில் சேர்க்கும் முன்பும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்வதையும் நிர்வாகத்தின் கடமையாக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. தகவலும் பயிற்சியும் தரும் கடமை அதிலும் உண்டு. இது தவிர, சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளின்படி அபாயப் பட்டியலில் உள்ள பொருளின் கலத்தில் உள்ளே இருப்பது இன்னதென்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறும் நம்பர் போதாது.

இரண்டாவது கேள்விக்கு நீங்கள் விரும்பும் பதிலை என்னால் தர முடியவில்லை. உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமையைத்தான் சட்டம் நேராகத் தருகிறது. வாயால் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். எனவே எழுத்தில் கொடுங்கள், தமிழிலேயே. இன்ன ஷிப்டில் இன்ன நம்பர் டிரம்மைக் கையாளச் சொல்கிறார்கள், உள்ளே என்னவென்று தெரியாது, பயிற்சி தரவில்லை, இன்ன நாளில் பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், பயிற்சியும் சரியான மாஸ்க்கும் கையுறையும் தரும்வரை வேறு வேலை கொடுங்கள். இவ்வளவு போதும். கம்பெனி மேனேஜருக்கும் ஒப்பந்தக்காரருக்கும், கடலூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இணை இயக்குநருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூட நாலு பேர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. தனி ஆளைத்தான் 'நாளையிலிருந்து வராதே' என்பார்கள். அப்படிச் சொன்னால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்ட கேட் பாஸ், இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண் மூன்றுக்கும் இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

டிரம்மைப் படம் எடுக்கிறேன் என்று பிளாண்ட்டுக்குள் செல்போனைக் கொண்டுபோகாதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் சால்வென்ட் (கரைப்பான்) ஆவி இருக்கும் இடத்தில் அது ஆபத்து. உங்களை வெளியே அனுப்ப அவர்களுக்கு நல்ல காரணமும் ஆகிவிடும். நம்பரை மனப்பாடம் செய்து வந்து வீட்டில் எழுதுங்கள்.

கை வெந்த தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை போயிருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் அவருக்கு வர வேண்டும். 'வீட்டில் வெந்நீர் கொட்டிவிட்டது' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுத வைத்திருந்தால், அவரை இந்த வாரமே ஒரு வக்கீலிடம் அழைத்துப் போங்கள்.