அரிசியை விட்ட ஓட்டக்காரருக்குக் கிழங்கு போதுமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 38, எடை 60 கிலோ. வாரத்தில் 5 நாட்களில் மொத்தம் 50 கிலோமீட்டர் ஓடுகிறார். டிசம்பரில் கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டர் பிரிவில் ஓடுவதற்காகப் பயிற்சி செய்துவருகிறார். ஆறு மாதங்களாகச் சர்க்கரை, மைதா, தீட்டிய அரிசி, பொட்டலத்தில் வரும் தின்பண்டங்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, காய், கனி, பயறு, சிறிதளவு சிறுதானியம் என்று இயல்பான உணவையே உண்கிறார். உடல் இலேசாகியிருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் 14 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கனத்துப்போகின்றன என்கிறார். மாவுச்சத்துக்காக மதியம் ஒரு கிண்ணம் அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) பொரியலும், இரவில் சாம்பாரில் நான்கைந்து சர்க்கரைவள்ளித் துண்டுகளும் சேர்த்துக்கொள்வதாகக் கூறி, எந்தக் கிழங்கை எவ்வளவு, எப்போது உண்ண வேண்டும் என்று கேட்கிறார். மரவள்ளியில் நஞ்சு உண்டென்று கேள்விப்பட்டதால் அதை ஒதுக்கி வைத்திருக்கிறாராம்.

அரிசி இல்லாமலும் நன்றாக ஓடலாம். ஆனால் அதற்குக் கிழங்கு குழம்பிலிருந்து வெளியேறிச் சோறு இருந்த இடத்தில் தட்டின் நடுவே அமர வேண்டும். நம் வீடுகளில் காய் என்பது சோற்றுக்குத் தொடுகறி. சோற்றை எடுத்துவிட்டுத் தொடுகறியை அதே அளவில் வைத்துக்கொண்டால் உண்ணும் மாவுச்சத்து பாதிக்கும் கீழே போய்விடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயிறு நிறைந்துவிடுவதால் குறை தெரியாது. ஓட்டத்தின் இரண்டாம் பாதியில்தான் தெரியும்.

நாம் உண்ணும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்டு பயிற்சி செய்பவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் அது இருக்கும். நீண்ட ஓட்டத்தில் இந்தச் சேமிப்பு தீரத் தொடங்கும்போதுதான் கால்கள் கனக்கின்றன. நாள்தோறும் ஒரு மணி நேரம் அளவுக்கு ஓடுபவர் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது நாளொன்றுக்கு 300 முதல் 420 கிராம் வரை ஆகிறது. வேகவைத்த அரசாணிக்காயில் 100 கிராமுக்கு 5 கிராமை ஒட்டியே மாவுச்சத்து உண்டு, எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆகவே நீங்கள் உண்ணும் ஒரு கிண்ணம் பொரியல் 10 கிராமைத் தந்தாலே அதிகம். அரசாணி நல்ல காய், அதில் வைட்டமின் ஏயாக மாறும் கரோட்டின் நிறைய உண்டு. ஆனால் அதை மாவுச்சத்துக் கணக்கில் எழுதாதீர்கள். பீட்ரூட், கேரட் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். இனிப்பாக இருக்கின்றன என்பதற்காக அவற்றைக் கிழங்கு வரிசையில் சேர்க்க முடியாது.

சோற்றோடு ஒப்பிட்டால் கிழங்குகளின் நிலை எளிதில் விளங்கும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. தோலுரித்து வேகவைத்த உருளைக்கிழங்கில் 20 கிராம், சர்க்கரைவள்ளியில் 18 முதல் 20 கிராம், வாழைக்காயில் 30 கிராமை ஒட்டி, பச்சை மரவள்ளியில் 38 கிராம் என்று கொள்ளலாம். மரவள்ளி வேகும்போது நீரை ஏற்பதால் சற்றுக் குறைந்து 30க்கும் 35க்கும் இடையில் நிற்கும். அதாவது நாம் அன்றாடம் காணும் கிழங்குகளில் சோற்றுக்கு நிகராகவோ மேலாகவோ நிற்பது, நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் மரவள்ளிதான்.

உங்களுடைய 300 கிராமில் பாதியைக் கிழங்கிலிருந்து எடுக்கலாம். வேகவைத்த மரவள்ளி 300 கிராமும் சர்க்கரைவள்ளி 300 கிராமும் சேர்ந்து 150 கிராம் அளவு தந்துவிடும். மீதிக்கு இரண்டு வாழைப்பழம், 60 கிராம் கொள்ளு அல்லது பச்சைப்பயறு, ஒரு வேளை கம்பங்களியோ ராகிக்களியோ போதும். முழுவதையும் கிழங்கிலிருந்தே எடுக்க முயன்றால் சர்க்கரைவள்ளி மட்டுமே நாளைக்கு ஒன்றரைக் கிலோ உண்ண வேண்டியிருக்கும். அத்தனை நார்ச்சத்தை வயிறு தாங்காது, புரதமும் போதாது. கிழங்குகளில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 1 அல்லது 2 கிராம் புரதமே இருக்கிறது என்பதால், கிழங்கு வைக்கும் ஒவ்வொரு வேளையிலும் கொள்ளோ, பருப்போ, நிலக்கடலையோ, முட்டையோ, தயிரோ உடன் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்காவது சமையலறையில் ஒரு சிறு எடைக்கருவியை வைத்து நிறுத்து உண்ணுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண்ணளவு நம்மை ஏமாற்றுவது கிழங்கில்தான் அதிகம்.

நம் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் மரவள்ளி சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் முக்கியப் பயிர். அதன் பெரும்பங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கும் ஸ்டார்ச் ஆலைகளுக்கும் போகிறது; ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு நிறுவனமான சேகோசர்வ் 1981-இல் பதிவு செய்யப்பட்டு, சேலத்தில் இயங்கிவருகிறது. ஜவ்வரிசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: அது மரவள்ளியின் நாரும் பிறவும் நீக்கப்பட்ட தனி மாவு, ஆகவே நீங்கள் கடைப்பிடிக்கும் முறைக்கு அது பொருந்தாது.

நஞ்சைப் பற்றிய உங்கள் ஐயம் ஆதாரமற்றதல்ல. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கின் திசு நசுங்கும்போது கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகிறது. கசப்பு இரகங்களில் இது மிகுதி, உண்பதற்கென்று விற்கப்படும் இரகங்களில் குறைவு. தோலில் சதையைவிட அதிகம் இருப்பதால், மேலே உள்ள பழுப்புத் தோலோடு அதனடியில் இருக்கும் தடித்த உள்தோலையும் சேர்த்து உரித்துவிட வேண்டும். பிறகு சிறு துண்டுகளாக நறுக்கிச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரை நிறைய ஊற்றி, மூடாத பாத்திரத்தில் நன்றாக வேகும்வரை கொதிக்கவிட்டு, வெந்த நீரையும் கொட்டிவிட வேண்டும். சயனைடு எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால்தான் மூடாமல் வேகவைக்கச் சொல்கிறேன். குக்கரில் குறைந்த நீரில் வேகவைப்பது இந்தக் கிழங்குக்கு ஏற்ற முறையன்று. கடித்ததும் கசக்கும் துண்டை உண்ண வேண்டாம், பச்சையாக ஒருபோதும் உண்ண வேண்டாம், ஆலைக்காகத் தோண்டிய கிழங்கை வீட்டுக்கு வாங்கிவரவும் வேண்டாம்.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. எஞ்சிய சிறிதளவு சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்தத் தயோசயனேட் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கக்கூடியது. அயோடின் போதிய அளவு கிடைப்பவருக்கு இது பெரிய கவலையில்லை. ஆனால் இயற்கை உணவுக்கு மாறியவர்கள் பலர் அயோடின் சேர்க்காத இந்துப்புக்கோ கல்லுப்புக்கோ மாறிவிடுகிறார்கள் என்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். நீங்களும் அப்படியானால் அயோடின் கலந்த உப்புக்குத் திரும்புங்கள். மரவள்ளியை வாரத்துக்கு மூன்று நாட்களோடு நிறுத்தி, மற்ற நாட்களில் வேறு கிழங்குகளை மாற்றிக்கொள்ளுங்கள். தைராய்டு நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டாம்.

சர்க்கரைவள்ளியைத் தோலோடு வேகவைத்து உண்பது அன்றாடத்துக்குச் சிறந்தது. அதையே தணலில் மெதுவாகச் சுட்டால் கிழங்கில் உள்ள நொதி மாவின் ஒரு பகுதியை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிவிடுவதால் இனிப்பு கூடும், இரத்தத்திலும் விரைவாகச் சேரும். ஆகவே ஓய்வு நாளில் வேகவைத்தது, ஓடி முடித்த பிறகு சுட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் நல்லவையே. அவற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால்தான் நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன, நம் வீடுகளில் புளி சேர்த்து நன்றாக வேகவைப்பதும் அதனால்தான். எண்ணெயில் முறுகப் பொரித்த சேப்பங்கிழங்கு வறுவலை மட்டும் நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் தவிர்த்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் கிடைக்கும் பனங்கிழங்கு நார் மிகுந்தது. அதை ஓட்டமில்லாத நாளில் உண்ணலாம்.

ஞாயிறு காலை 5:30க்கு ஓடத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், சனிக்கிழமையே முக்கியமான நாள். மதியம் மரவள்ளி 350 கிராம், உடன் பருப்பு. இரவு 7 மணிக்குள் தோல் நீக்கிய உருளைக்கிழங்கு 400 கிராம் வேகவைத்து, சிறிது மிளகும் உப்பும் சேர்த்துத் தயிரோடு உண்ணுங்கள். இந்த ஒரு வேளை மட்டும் கீரை, கொள்ளு, தோலோடு கூடிய சர்க்கரைவள்ளி ஆகியவை வேண்டாம். மற்ற நாட்களில் நன்மை செய்யும் நார்ச்சத்து, மறுநாள் காலையில் பாதி வழியில் வயிற்றைக் கலக்கும். ஞாயிறு காலை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக 60 கிராம் மாவுச்சத்து போதுமானது: நன்கு பழுத்த பெரிய நேந்திரன் பழம் ஒன்றை ஆவியில் வேகவைத்து, அதனோடு ஒரு சிறிய பூவன் பழத்தையும் உண்டால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். அந்நேரத்தில் கிழங்கைவிடப் பழமே வயிற்றுக்கு எளிது என்பது என் அனுபவம்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வழியிலேயே உட்கொள்ள வேண்டும். இதற்கும் கிழங்கு உதவுமா என்றால், உதவும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 12 மிதிவண்டி வீரர்களுக்கு மசித்த உருளைக்கிழங்கு தந்தபோது விளையாட்டு வீரர்களுக்கென்று கடையில் விற்கும் மாவுச்சத்து ஜெல்லுக்கு (கூழ்மத்துக்கு) இணையான பலன் கிடைத்தது. வெறும் தண்ணீர் மட்டும் குடித்ததைவிட இரண்டுமே மேல். ஆனால் உருளையைத் தின்றபோது வயிற்று உப்புசமும் வலியும் சற்று மிகுதியாக இருந்தன, காரணம் அதன் கொள்ளளவு. அவர்கள் மிதிவண்டியில் அமர்ந்திருந்தார்கள். ஓடும்போது வயிறு குலுங்குவதால் இந்தத் தொல்லை இன்னும் கூடலாம். 30 கிராமுக்கு 150 கிராம் உருளையைச் சுமக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எனவே ஐந்தாறு பேரீச்சம்பழங்களை விதை நீக்கி எடுத்துச் சென்று, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகத் தண்ணீரோடு உண்பதையே பரிந்துரைக்கிறேன். பந்தய நாளில் புதிதாக எதையும் முயலாமல், முன்னதாக நான்கு ஞாயிறுகளாவது இதைப் பழகிவிடுங்கள். இவ்வாறு ஆறு வாரங்கள் உண்டும் கால் கனம் குறையவில்லையென்றால், ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றின் அளவுகளைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது; இரும்புச்சத்துக் குறைவும் இதே அறிகுறியைத் தரும்.

ஓடி முடித்ததும் உண்ணும் கிழங்கு சூடாக இருக்கட்டும். வெந்த உருளையைக் குளிரவைத்தால் அதன் மாவில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த விரும்புவோருக்கு அது நன்மை, காலியான தசையை நிரப்ப வேண்டிய உங்களுக்கு அன்று அது பயன்படாது. ஆகவே இரவு மீந்த கிழங்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உண்ணாமல், காலையில் வீட்டில் புதிதாக வேகவைக்கச் சொல்லுங்கள்.

மரவள்ளியை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. தோண்டிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலங்கலந்த கருங்கோடுகள் ஓடிக் கெட்டுவிடும். சனிக்கிழமை விடியற்காலையில் உழவர் சந்தைக்குச் சென்று, முந்தைய நாள் தோண்டியதா என்று விவசாயியிடம் கேட்டு, நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லி, சதை தூய வெண்மையாக இருந்தால் வாங்கி அன்று மதியமே சமைத்துவிடுங்கள்.