தலைவலி என்றால் தலைவலி என்று சொல்லுங்கள்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜனவரியில் இங்கே நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் முனைவர் பட்ட ஆய்வில் சேரப்போகிறீர்கள். மின்சாரத்தையும் வெப்பத்தையும் மிச்சப்படுத்தும் கட்டடங்களில் வேலை செய்பவர்களின் உடல்நலம்தான் உங்கள் ஆய்வுப் பொருள். உயிரித் தொழில்நுட்பம் படித்த மனைவி கோடையில் வருவார். குளிர், வாடகை, சமையல் என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசி வரியில் தயங்கித் தயங்கி இதையும் எழுதியிருக்கிறீர்கள்: போன புதிதிலேயே உடம்புக்கு முடியவில்லை என்றோ, உட்கார்ந்திருக்கும் அறை சரியில்லை என்றோ சொன்னால் தவறாக நினைப்பார்களா?

அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் தலைவலியோடு உட்கார்ந்திருந்தவள் நான்.

மதுரையிலிருந்து 2010 ஜனவரியில் வந்தேன். புதுப்பித்த பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடி அறை, நான்கு மேசைகள். பிற்பகல் ஒரு மணி தாண்டினால் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கிவிடும். ஊர் நினைப்பு, இருட்டு, தூக்கக் குறைவு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மேசை இழுப்பறையில் அமிர்தாஞ்சன் டப்பா ஒன்று எப்போதும் இருந்தது. ஒரு நாள் அதன் வாசனை பிடித்து, எதிர் மேசைக்காரர் என்னவென்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். அவர் விடவில்லை. ஐந்து மாதமாக இப்படித்தான் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

மறுநாள் காலை 'வேர்ன உம்பூட்' வந்தார். ஊழியர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிரதிநிதியை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆபத்தான வேலையைப் பார்த்த இடத்திலேயே நிறுத்தும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. உள்ளங்கை அளவிலான ஒரு கருவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். காலை எட்டு மணிக்கு அதில் கார்பன் டை ஆக்சைடு 450 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 450 பங்கு. மதியம் இரண்டு மணிக்கு 1,800. நார்வேயின் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளறைக் காற்றுக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு 1,000. அந்த வாயு 1,800இல் நஞ்சாகிவிடாது. ஆனால் அது அப்படி ஏறுகிறதென்றால், நம் மூச்சும் வியர்வையும் தரைவிரிப்பின் வாடையும் வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே தங்குகின்றன என்று பொருள். ஒருவருக்காக அமைத்த அறையில் நால்வரை உட்கார வைத்திருந்தார்கள். காற்றை விடும் வால்வு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. இரண்டே நாளில் சரிசெய்தார்கள். தலைவலி போயிற்று.

என்னை உறுத்தியது அதற்குப் பிறகு தெரியவந்த செய்திதான். மூன்று மாதம் முன்பு அதே கட்டடத்தில் உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். அடிக்கடி தலைவலி வருகிறதா என்ற இடத்தில் 'இல்லை' என்று குறியிட்டிருந்தேன். அந்த அறையில் என்னைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்த மற்ற இருவரும் அப்படியே செய்திருந்தார்கள். மரியாதை என்று நினைத்து மூவரும் பொய் எழுதியிருந்தோம். கட்டடங்களைப் படிக்க வந்த நானே ஒரு கட்டடத்தைப் பற்றித் தவறான தரவு கொடுத்திருந்தேன்.

உங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும் தம்பி. இங்கே புதிய கட்டடங்களில் காற்று ஒழுகுவது மிகக் குறைவு. நம் ஊர் வீட்டில் காற்று ஜன்னலிலும் கதவிடுக்கிலும் தானாக வந்துபோகும். இங்கே அதை இயந்திரம்தான் கொண்டுவர வேண்டும். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் குளிர்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். நல்ல அமைப்பில் ஐந்தில் நான்கு பங்கு சூடு மீண்டுவிடும். ஆற்றல் மிச்சமாகிறது, உண்மை. ஆனால் அந்த வால்வை ஒருவர் தவறாகத் திருகிவிட்டால் போதும், மீட்டரில் அருமையாகத் தெரியும் கட்டடத்துக்குள் இருப்பவர் நோயாளியாவார். பல்கலைக்கழகத்தின் க்ளோஸ்ஹௌகென் வளாகத்தில் நீங்கள் பார்க்கப்போகும் 'செப்' ஆய்வகம் இதற்காகவே கட்டப்பட்டது. சின்டெஃப் ஆய்வு நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து எழுப்பிய நான்கு மாடி மரக் கட்டடம் அது. அச்சு மாறாத இரண்டு அறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. மற்ற தளங்களில் அலுவலகம் நடக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களின் அனுபவமும் ஆய்வுக்குள் வருகிறது. அவர்கள் என்னைப் போல் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை உணரி வைத்தும் பயனில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் துறைமுகத்தில் 2019இல் திறந்த பவர்ஹவுஸ் கட்டடத்தையும் போய்ப் பாருங்கள். தன் ஆயுள் முழுவதும் செலவழிப்பதைவிட, கட்டுவதற்கு ஆனதையும் சேர்த்து, அதிக ஆற்றல் தரும்படி வடிவமைத்தது. சாய்ந்த கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். டிசம்பரில் நாலரை மணி நேரம் மட்டுமே பகல் இருக்கும் ஊரில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி விடுப்பு. நீங்கள் இங்கே மாணவர் அல்ல, சம்பளம் வாங்கும் ஊழியர். வேலைச்சூழல் சட்டம் உங்களுக்கும் உண்டு. சேர்ந்து இரண்டு மாதம் ஆனபின், மருத்துவர் சீட்டு இல்லாமலே மூன்று நாள் வரை நீங்களே எழுதிக்கொடுத்து நோய் விடுப்பு எடுக்கலாம். பல இடங்களில் எட்டு நாள்கூட ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு முன் என்றால் மருத்துவரிடம் போங்கள். முதல் 16 நாள் சம்பளம் முதலாளி பொறுப்பு, பிறகு அரசுக் காப்பீடு. காய்ச்சலோடு வந்து இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் இங்கே தவறாக நினைப்பார்கள். இரவு பத்து மணிவரை அறையில் விளக்கெரிந்தாலும் யாரும் மெச்சமாட்டார்கள். உங்கள் வழிகாட்டியே மூன்றரை மணிக்குக் குழந்தையை அழைத்துவர எழுந்து போவார். நீங்களும் போங்கள்.

முதல் குளிர்காலத்தில் மூக்கில் ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். வெளியே மைனஸ் 15 டிகிரியில் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதையே 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது அறையின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கண்ணும் உதடும் காயும். ஈரம் வேண்டுமே என்று துணியை அறைக்குள் காயவைத்து, மூடாத பாத்திரத்தில் சோறு வடித்து, காற்றுத் துளையையும் அடைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த நம் குடும்பங்கள் சிலவற்றில் படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்ததே அப்படித்தான். தாளிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முழு வேகத்தில் வையுங்கள், அதன் வடிகட்டியை மாதம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

மனைவியைப் பற்றி. குடும்ப அனுமதியில் வருபவர் வேலை பார்க்கலாம். ஆய்வகத்தில் ஆங்கிலத்தோடு சமாளிக்க முடியும். நோயாளிகளோடு பேசும் வேலையென்றால் நார்வேஜியன் இல்லாமல் முடியாது, இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். வடக்கே லெவாங்கரில் 'ஹுண்ட்' என்னும் மக்கள் உடல்நல ஆய்வின் ரத்த மாதிரி வங்கி இருக்கிறது. 1984 முதல் ஒரு மாவட்டத்து மக்கள் நான்கு சுற்றுகளாக உடல் அளவுகளையும் பதில்களையும் மாதிரிகளையும் கொடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் தனக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை இல்லாமல் யார் அப்படிக் கொடுப்பார்கள்? அவருக்கு உயிர்ப்பொருள் பக்கம் ஆர்வம் என்றால் ஆல்ஜினேட் பற்றிப் படிக்கட்டும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அந்தப் பொருளால் சிறு உறைகள் செய்து, இன்சுலின் சுரக்கும் செல்களை அவற்றுக்குள் பொதிந்து நீரிழிவுக்காரர்களுக்கு வைக்க முடியுமா என்று இந்த ஊரில் பல ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள். மண்டபம், பாம்பன் கரையில் நம் பெண்கள் முங்கி எடுத்துக் காயவைக்கும் பாசிகளிலும் ஆல்ஜினேட் தருபவை உண்டு. அந்த இரண்டு கரைகளையும் அறிந்த ஒருவர் இங்கே வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

அரிசி, மிளகாய்த்தூள் பற்றிக் கவலை வேண்டாம், ஈழத்தமிழ்க் குடும்பங்கள் 1980களிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறார்கள். அலுவலகத்துக்குள் போட ஒரு ஜோடி செருப்பு எடுத்து வாருங்கள். பனி ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிவிடுவார்கள். முதல் வாரமே உங்கள் தளத்தின் பாதுகாப்புப் பிரதிநிதி யார் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடமிருந்த அந்தச் சிறு கருவியை உங்களுக்குத் தருகிறேன், மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.