ஆலோசகரிடம் வாய் திறப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு மனநல ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

பாலக்கோடு வாசகர்: மூன்று முறை போய்விட்டேன். எதிரில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து, "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

பலருக்கும் செருப்பை மாட்டும்போதுதான் உண்மையான விஷயம் வெளியே வரும். ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிப் போங்கள். சொல்ல வராவிட்டால் சீட்டை நீட்டிவிடுங்கள். 'தூக்கமில்லை' என்று எழுதினால் போதாது. 'இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கடன் கணக்கு ஓடுகிறது' என்று எழுதுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மேலே பேசுவோம்.

அரூர் வாசகி: கணவரைப் பற்றித்தான் பேச வேண்டும். அவரோ கூடவே உட்கார்ந்துகொள்கிறார்.

முன்னதாகவே போனில் "தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவரை வெளியே உட்கார வைப்பது எங்கள் வேலை; பழியும் எங்களுக்கே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில் இரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. அவற்றை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓசூர் வாசகர்: தமிழ் பேசுவேன். ஆனால் அழுகை தெலுங்கில்தான் வருகிறது.

தெலுங்கிலேயே அழுங்கள். தெலுங்கு தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணிலும் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

பென்னாகரம் வாசகி: "அனுசரித்துப் போம்மா" என்கிறார் ஆலோசகர். மாமியாரும் அதைத்தான் சொல்கிறார். வயதில் பெரியவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது?

"ஐயா, இன்று யோசனை வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டால் போதும்" என்று தொடங்குங்கள். என்னிடமே ஒரு பெண் இப்படிச் சொன்னார். சுருக்கென்றது, இரண்டு நாள் மனதுக்குள் முறுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் கதையை முழுதாகக் கேட்டேன். சொல்லியும் மாறவில்லையா? வேறு ஆலோசகரைப் பாருங்கள். இது சம்பந்தம் முறிப்பது அல்ல.

ஊத்தங்கரை வாசகர்: மாத்திரையால் காலையில் எழ முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன்.

மாத்திரை எழுதிய மனநல மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும். அளவையோ சாப்பிடும் நேரத்தையோ அவர் மாற்றித் தரக்கூடும். திட்டுவாரோ என்ற பயம் வேண்டாம். மிச்ச மாத்திரை உள்ள அட்டையையும் எடுத்துப் போங்கள். எந்த நாளில் நிறுத்தினீர்கள் என்று அவரே எண்ணிக்கொள்வார்.